அரவடுக்குச் சூட்டியல்

முதலியல்: பொது

மாணாக்க! வீட்டில் வளர்க்கும் பாம்புகளுக்கெனத் தன் கையாலேயே பலகை அறுத்து அடுக்குச் செய்தவன், அவ்வடுக்கைச் சூடேற்றும் நெறி இன்னது என உணர்த்துதல் இந்நூல் நுதலிய பொருள். கடையில் விலைகொடுத்து வாங்கிய அடுக்கு இதன் புறத்தது. கண்ணாடித் தொட்டி அதனினும் புறத்தது. பாம்பு இன்னும் வாங்காமல் அடுக்கு மட்டும் செய்து வைத்திருப்பவன் இந்நூற்கு உரியனோ எனின், அவனே முதற்கண் உரியன். வெற்றடுக்கைச் சில நாள் சூடேற்றி, அளந்து, திருத்தி, மீண்டும் அளந்த பின்னரே பாம்பைக் குடிவைத்தல் வேண்டும் என்பது இத்துறையோர் ஒருப்பட்ட செய்தி. அவர்கள் ஒருப்பட்டவை மிகச் சிலவே ஆகலின் இதனை முன்வைத்தோம்.

இந்நூற்குரிய நிலம் அமெரிக்காவும் இங்கிலாந்தும். அங்கே வீட்டின் நிலவறை, வண்டிக்கொட்டில், பிள்ளைகள் படிக்கப் போய்விட்டமையால் வெறிதாகிய படுக்கையறை ஆகிய மூன்றனுள் ஒன்றில் அடுக்கு நிற்கும். நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்து வளர்க்க விடாது. ஆகவே தமிழ்நாட்டு மாணாக்கன் இதனை ஏட்டறிவாகக் கற்று அமைக. சாரையைப் பிடித்துவந்து ஐயம் தெளிய முற்படற்க.

அடுக்கில் வாழும் அரவினம் பல. அவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று, ஆப்பிரிக்காவின் மேற்கிலும் நடுவிலும் வாழும் குறுமலைப்பாம்பு. அஞ்சியவழித் தலையை உள்ளே மறைத்துப் பந்தாகச் சுருளும். அமெரிக்கர் ‘பால் பைத்தான்’ என்பர். இங்கிலாந்தார் ‘ராயல் பைத்தான்’ என்பர். யாம் பந்துமாசுணம் என்போம். மற்றொன்று, அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் சோளப்பாம்பு. பின்னதற்கு 1766இல் லின்னேயசு அறிவியற்பெயர் இட்டார். முன்னதற்கு 1802இல் ஆங்கிலேயர் ஒருவர் இட்டார். இருவரும் பெயரிட்டதோடு நின்றனர். சூடேற்றுவது பற்றி ஒரு சொல்லும் விட்டுச்சென்றாரல்லர். அக்குறையைப் பின்னோராகிய நாம் நிறைக்க வேண்டியதாயிற்று.

1992இல் பாப் கிளார்க்கு என்பார் வெளிறிய பந்துமாசுணக் குஞ்சுகளைத் தம் வளர்ப்பில் பொரிக்கச் செய்தார். அதன்பின் புதுநிறம் தேடும் வேட்கை பெருகிற்று. ஒன்று வைத்திருந்தவன் ஒன்பது வைத்தான். ஒன்பது வைத்தவன் வீட்டில் தொட்டிகளுக்கு இடமில்லை. அடுக்குப் பரவியமைக்குக் கரணியங்களுள் இது பெரிது.

அரவடுக்காவது யாதெனின், தட்டின்மேல் தட்டாகப் பலகை நிறுத்தி, இடைவெளிகளில் மூடியில்லா நெகிழிப் பேழைகளைச் செருகி, மேல்தட்டின் அடிப்புறமே கீழ்ப்பேழைக்கு மூடியாகுமாறு அமைத்தது. இழுத்துத் திறத்தலின் அப்பேழை ‘இழுபேழை’ எனப்படும். பேழை விளிம்புக்கும் மேல்தட்டுக்கும் நடுவே விடும் வெளி ‘நூலிடை’ எனப்படும். நூலிடை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் இருப்பது நன்று. குறையின் பேழை முனகும். மிகின் பாம்பு இராது. நூலிடையைப் பிழையின்றி அளப்பதில் சோளப்பாம்பின் குஞ்சுக்கு நிகர் மாந்தருள் இல்லை. அது தன் முடிவை எழுத்தில் தருவதில்லை. வெற்றுப் பேழையாகத் தரும்.

இரண்டாமியல்: சூடு

பாம்பு குளிர்குருதியுயிர் என்று பள்ளியில் கற்றிருப்பாய். அதனைக் களைக. கௌல்சு, போகர்ட்டு என்னும் இருவர் பாலைநில ஊர்வனவற்றை ஆராய்ந்து 1944இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஊர்வன வெயிலுக்கும் நிழலுக்குமாக இடம்பெயர்ந்தே தம் உடற்சூட்டைத் தாம் வேண்டும் அளவில் நிறுத்திக்கொள்ளும் என்பது அதன் துணிபு. அடுக்கில் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. இரண்டு முழ நீளப் பேழை ஒன்றே உண்டு. அவ்விரண்டு முழத்துள் ஒரு பாலையையும் ஒரு சோலையையும் அமைத்துத் தருதல் ஓம்புநன் கடன்.

பாம்பு தானே சூடு உண்டாக்காதோ எனின், உண்டாக்குவது உண்டு. அடைகாக்கும் பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு தசைகளை விட்டுவிட்டு நடுக்கித் தன் உடலைச் சூடாக்கும். 1841இல் வலன்சியேன் என்பார் பாரிசு நகரில் ஒரு மலைப்பாம்பின் அடைச்சூட்டை அளந்தார். 1966இல் நியூயார்க்கு விலங்குக்காட்சிச்சாலையில் அளந்தோர் அதனை ஐயமற நிறுவினர். எனினும், ‘பாம்பே நடுங்கிக்கொள்ளும், எனக்கு ஏன் மின்செலவு’ என்று ஓம்புநன் கருதலாகாது. எல்லா அரவும் நடுங்கா. நடுங்கும் இனத்தும் அடைகாவாப் பெண் நடுங்காது. ஆண் ஒருகாலும் நடுங்காது.

இனி அளவு. பேழையின் சூடான முனை வெம்முனை. எதிர்முனை தண்முனை. இவற்றிடையே சூடு படிப்படியாக இறங்குதல் வெப்பச்சரிவு. பந்துமாசுணத்தின் வெம்முனை 31 முதல் 33 பாகை செல்சியசு, தண்முனை 25 முதல் 27. சோளப்பாம்புக்கு வெம்முனை 29 முதல் 31, தண்முனை 22 முதல் 24. வெம்முனை பேழைத்தரையில் மூன்றிலொரு கூறே பெறும். பாதி கொடுப்பாரும் உளர், அவரைக் கடிந்துரையோம். முழுத்தரையும் சூடேற்றுவான் ஒருவன் உளன் எனின், அவன் செய்தது அடுக்கு அன்று, அடுப்பு.

அரவடுக்கின் சூடு மூன்று வகைப்படும். நூற்பா:

அடிச்சூடு பின்சூடு அறைச்சூடு என்னும்
முச்சூடும் உணர்ந்தோன் முறையுணர்ந் தோனே.

‘முச்சூடும்’ என்றமையால் நான்காவதாகிய மேற்சூடு விலக்கப்பட்டது என்க. மேற்சூடாவது விளக்கு, சுடுமண் குமிழ் முதலியவற்றை மேலிருந்து தொங்கவிடுதல். அடுக்கில் மேலே இருப்பது மற்றொரு பாம்பின் வீட்டுத்தரை. அங்கே விளக்கு மாட்டினால் நெகிழி உருகும். இதற்குமேல் கூறின் மிகையாம்.

1. அடிச்சூடு. பேழையின் அடியில் சூட்டுப்பொருள் கிடப்பது. இது கருவி வகையான் மூன்றாம்: பாய், கம்பி, பட்டை. பாய் என்பது தனித்தனிப் பேழைக்குத் தனித்தனியே இடும் சூட்டுப்பாய். பன்னிரண்டு பேழைக்குப் பன்னிரண்டு பாய், பன்னிரண்டு பாய்க்குப் பன்னிரண்டு செருகி. சுவரில் அத்துணைத் துளை இல்லை. கம்பி என்பது தட்டில் வளைத்து வளைத்துப் பதிப்பது. வளைவுகள் நெருங்கிய இடம் கொதிக்கும். விலகிய இடம் குளிரும். இவ்விரண்டையும் இவ்வளவில் விடுத்துப் பட்டைக்கு வருவோம்.

பட்டையாவது ஊரார் ‘ஹீட் டேப்’ என்பது. ‘ஃப்ளெக்ஸ்வாட்’ என்னும் விற்பனைப்பெயரால் அமெரிக்க ஓம்புநர் நெடுநாள் அறிந்தது. தாளினும் சிறிதே தடித்த ஒளிபுகு நெகிழியின் இரு விளிம்பிலும் செம்பு ஓடும்; குறுக்கே கருங்கோடுகள் நெருங்கி நிற்கும். மின் ஒரு செம்பிலிருந்து மறு செம்புக்குக் கரிக்கோடு ஒவ்வொன்றின் வழியும் தனித்தனியே கடக்கும். கடக்கும்பொழுது சூடு பிறக்கும். ஒவ்வொரு கோடும் தன் வழியைத் தானே உடைமையின், குறித்த இடங்களில் வேண்டும் நீளத்திற்கு அறுத்துக்கொள்ளலாம். நீளம் கூடினும் குறையினும் ஓர் அடிக்குரிய சூடு மாறாது. ஏழரை செண்டிமீட்டர், பத்து செண்டிமீட்டர், இருபத்தெட்டு செண்டிமீட்டர் என அகலத்தால் வேறுபடும். அடுக்குக்கு முன்னிரண்டே உரியன. அகன்றது கண்டு மயங்கி அதனை வாங்கியவன் தண்முனையை எங்கு வைப்பான்?

இங்கே சிறு கணக்கு. அடிக்கு 10 வாட் உண்ணும் பட்டை எனக் கொள். தட்டுக்கு 3 அடியாக 6 தட்டு எனின் 18 அடி, 180 வாட். அப்பட்டையை ஆளும் கருவி அவ்வளவு தாங்குமோ என்று அதன் முதுகைப் புரட்டிப் பார்த்துவிட்டு இணைக்க. இன்னும் ஒன்று. அமெரிக்கப் பட்டை 120 வோல்ட்டுக்கு உரியது. அதனை இங்கிலாந்தின் 230 வோல்ட்டில் செருகினால் சூடு ஏறக்குறைய இருமடங்காகும் என்பான் கணக்கறியான். ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். ஆகவே மூன்றரை மடங்கினும் மிகும். இரண்டு நாட்டிலும் உறவினர் உள்ள ஓம்புநர் இதனை மனங்கொள்க.

பட்டை கிடக்கும் இடத்தான் அடிச்சூடு மீண்டும் மூன்றாம். (அ) மேற்கிடை: தட்டின்மேல் பட்டையை வெறிதே ஒட்டி அதன்மேல் பேழையை இழுத்தல். எளிது, ஆனால் பேழை நாளும் வந்துபோய்ப் பட்டையைத் தேய்க்கும். தேய்ந்த பட்டை மின்னைக் காட்டும். (ஆ) கீழ்க்கிடை: தட்டின் அடிப்புறத்தில் ஒட்டுதல். தேய்வு இல்லை. பலகையின் தடிப்பைக் கடந்து சூடு ஏறவேண்டியிருத்தலின் பாதி பலகைக்கே போகும். அன்றியும் கீழ்வீட்டார்க்கு அது மேற்சூடாய் முடியும். (இ) காற்கிடை: தட்டில் பட்டையின் அகலத்திற்கும் தடிப்பிற்கும் ஒப்ப ஒரு கால் கடைந்து, அதனுள் பட்டையைக் கிடத்தி, பேழை அதன்மேல் தொட்டும் தேயாதும் போகுமாறு செய்தல். வாய்க்காலைக் கால் என்னும் வழக்குப் பற்றி இதனைப் பட்டைக்கால் என்றோம். எமக்கு உடன்பாடு இதுவே. கடைசல் பொறி இல்லாதான் இரவல் பெறுக. இரவல் தருவார் இல்லாத ஊரில் பாம்பு வளர்த்தல் தவிர்க.

பட்டையைக் குறித்து விலக்கப்பட்டன நான்கு. மடித்தல், மடிப்பில் சூடு தேங்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய விடல், அதுவும் அது. செம்பு வெளிப்பட்ட வெட்டுமுனையைக் காப்பின்றி விடல். அவ்வெட்டுமுனையில் அலுமினிய ஒட்டுப்பட்டை படுமாறு ஒட்டல். அலுமினியம் மின்கடத்தும் என்பதை ஒட்டும் விரைவில் மறப்பர்.

2. பின்சூடு. பட்டையை அடுக்கின் முதுகில் நிறுத்திப் பேழையின் பின்சுவரைச் சூடேற்றல். தேய்வு இல்லை, கடைதல் இல்லை, ஒரே பட்டை மேலிருந்து கீழ்வரை ஓடும். இவ்வளவும் இதன் நலன். குற்றம் ஒன்றே: பேழைக்கும் பட்டைக்கும் இடையே காற்று நிற்கும். பேழையை முற்றும் உள்ளே தள்ளாமல் இரண்டு விரல் வெளியே விட்டுச் சென்றால் அக்காற்று மிகும். வெம்முனை என்று எழுதிய இடம் பெயரளவில் நிற்கும். பின்சூட்டை விரும்புவோர் பேழையை அழுந்தத் தள்ளும் இயல்பினராதல் வேண்டும். இளையோரும் விருந்தினரும் திறந்து பார்க்கும் வீட்டிற்கு இஃது ஆகாது.

3. அறைச்சூடு. அறை முழுதையும் சூடேற்றல். நூற்றுக்கணக்கில் பேழை உடையார்க்கே இது கட்டுப்படும். இதில் வெப்பச்சரிவு பிறவாது. ஓம்புநன் மேலாடை களைவது ஒன்றே கண்கூடான பயன். எனினும் அறையை 26 பாகை அளவில் வைத்து, அதன்மேல் அடிச்சூடும் கூட்டும் கலப்புமுறை நன்று. பட்டை தொட்டதைச் சூடாக்குமேயன்றிக் காற்றைப் பெரிதும் சூடாக்காது; பனியில் உறைந்த வண்டிக்கொட்டிலில் பட்டையை மட்டும் நம்பியவன் பாம்பு, வயிறு வெந்தும் முதுகு விறைத்தும் கிடக்கும்.

மூன்றாமியல்: காவல்

ஆளில்லாச் சூடு பெருகிக்கொண்டே போகும். அதனை வரம்பில் நிறுத்தும் கருவி சூட்டுக்காவலன். ஊரார் தெர்மோஸ்டாட் என்பர். காவலன் இன்றிப் பட்டையைச் செருகுதல் இந்நூலுள் எவ்விடத்தும் ஒப்பப்படவில்லை. விளக்கொளியை மங்கச்செய்யும் திருகியைப் பட்டைக்கு இட்டு, கண்மதிப்பாகத் திருகி நிறுத்துவாரும் உளர். அத்திருகி சூட்டை அறியாது. நண்பகலில் ஒப்பக் கண்ட சூடு நள்ளிரவிலும் ஒப்பும் என்று நம்புவது திருகியின் குற்றமன்று.

காவலன் மூவகையன். வெட்டுக்காவலன், மங்குக்காவலன், துடிப்புக்காவலன். வெட்டுக்காவலன் 32 பாகையில் முற்றும் அணைப்பான். 31இல் முற்றும் மூட்டுவான். ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்பான். அவ்வொலியை முதல் நாள் விரும்பிக் கேட்பர். பின்னர் அதனைக் கேளாமல் உறங்கார். விலை குறைந்தவன் இவனே. இவன் சாவு கொடியது. உள்ளே மின்னை இணைத்தும் பிரித்தும் நிற்கும் நா பன்னாள் பொறிபட்டு ஒட்டிக்கொள்ளின் அணைக்கும் ஆற்றலை இழந்து மூட்டும் ஆற்றலை மட்டும் உடையனாவான். மங்குக்காவலன் வெட்டாமல் மின்னைச் சிறுகச் சிறுகக் குறைத்தும் கூட்டியும் ஒரே அளவில் நிறுத்துவான். துடிப்புக்காவலன் முழுமின்னையே குறுந்துடிப்புகளாக விடுவான். சூடு மிகவேண்டின் துடிப்பு நெருங்கும், குறையவேண்டின் விலகும். பட்டைக்குப் பின்னவர் இருவரும் ஏற்புடையர்.

காவலன் பழுதுபட்டால் என் செய்வது எனின், காவலனுக்குக் காவலன் ஒருவனை இரண்டு மூன்று பாகை உயர்த்தி வைத்து, மின் அவனைக் கடந்தே இவனை அடையுமாறு செய்க. முதற்காவலன் மூட்டியபடி செத்தாலும் இரண்டாமவன் அறுப்பான். இரண்டாமவன் பழுதுபட்டால் என் செய்வது எனின், அவ்வினா நிற்க. மூன்றாமவனுக்கு நான்காமவன் வேண்டும் என்று வரம்பின்றி ஓடுதல் என்னும் குற்றம் தங்கும். இரண்டோடு அமைவது நூல்வழக்கு. நான்கு வைத்திருப்பாரைக் கண்டும் காணாது போவது உலகவழக்கு.

இனி உணர்முனை. காவலனிடமிருந்து ஒரு கம்பி நீளும். அதன் நுனியே காவலனுக்குக் கண்ணும் தோலும். அந்நுனியை எங்கு வைப்பது என்பதில் எழுந்த பூசல் அடுக்குத்துறையில் வேறெதனினும் எழவில்லை. நூற்பா:

உணர்முனை பேழையின் உள்ளே வையற்க;
உள்ளே வைப்பின் உறங்குதல் அரிதே.

உணர்முனை இடத்தான் நான்கு வகைப்படும்.

(அ) அகமுனை: பேழையினுள்ளே வைத்தது. ‘பாம்பு இருக்கும் இடத்துச் சூட்டையன்றோ அறியவேண்டும்’ என்பது இதனைத் தழுவுவார் வாதுரை. கேட்கப் பொருந்துவது போலும். ஆனால் பாம்பு அம்முனையைத் தலையால் தள்ளித் தண்முனைக்குக் கொண்டுபோகும். அல்லது நீர்க்கிண்ணத்தைக் கவிழ்க்கும். அல்லது அதன்மேல் சிறுநீர் கழிக்கும். ஈரமுனை குளிர்ச்சியையே அறிவிக்கும். காவலன் அதனை நம்பி ஓயாது சூடேற்றுவான். ஒரு பேழையில் ஒரு பாம்பு சிறுநீர் கழித்தமையால் பன்னிரண்டு பாம்புகள் வெதும்பும்.

(ஆ) ஒட்டுமுனை: பட்டைக்கும் பேழை அடிக்கும் இடையே, பட்டையின்மேல் ஒட்டியது. இதுவே யாம் கொள்வது. இதில் பட்டையின் சூட்டைக் காவலன் அறிவான். பேழையின் உள்தரை அதனிற் சில பாகை குறைந்திருக்கும். ஆகவே உள்ளே 32 வேண்டுவான் காவலனிடம் 34 அல்லது 35 என்று சொல்ல நேரும். பாம்புக்கு 35 என்று சொல்லக் கை நடுங்கும் மென்மனத்தார் அகமுனைக்கு ஓடுவர். சொல்லுவது பட்டைக்கு என்று தேறுக.

(இ) தொங்குமுனை: அடுக்கின் பின்னே வெளியில் தொங்குவது. இஃது அறையின் சூட்டை அறியும். அறை அதனால் ஒரு பயனும் எய்தாது.

(ஈ) வீழ்முனை: ஒட்டுப்பட்டை காய்ந்து தானே நழுவித் தரையில் கிடப்பது. இதனை யாரும் வைப்பதில்லை. ஆகவே இடவகையுள் எண்ணலாமோ என்பார்க்கு, வீடுகள் எரிவது இதனால் ஆகலின் எண்ணினோம் என்க. நுனியை மட்டும் ஒட்டாது கம்பியையும் ஒரு சாண் தொலைவில் இறுக்கிக் கட்டின் இவ்வகை தோன்றாது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். அடுக்குக்கு அது செல்லாது. முனை ஒன்று, தட்டு ஆறு. சூடு மேலேறும், நிலத்தருகே குளிர் தங்கும். முனையை மேல்தட்டில் வைத்தால் அங்கே போதும் என்று காவலன் அணைப்பான், கீழ்த்தட்டார் விறைப்பர். கீழ்த்தட்டில் வைத்தால் அங்கே போதாது என்று மூட்டுவான், மேல்தட்டார் வதங்குவர். நடுத்தட்டில் வைத்து இருபுறமும் சிறிது குறைபட விடுவதே செய்யக்கூடியது. பின்னர்ச் சூடு விரும்பும் பாம்பை மேலும், விரும்பாததைக் கீழும் குடியேற்றுக. சோளப்பாம்பு கீழே, பந்துமாசுணம் மேலே. தான் முதலில் வாங்கியதை மேலேயும் பின் வாங்கியதைக் கீழேயும் வைப்பவன் பாம்பை அறியான். வாங்கிய நாளை மட்டும் அறிவான்.

நான்காமியல்: அளவை

சூடு அறியும் வாயில் மூன்று. சொற்சூடு, மெய்ச்சூடு, கைச்சூடு. காவலன் தன் திரையில் எண்ணாகச் சொல்வது சொற்சூடு. பேழையின் உள்தரையில் அளந்து பெறுவது மெய்ச்சூடு. புறங்கை வைத்து அறிவது கைச்சூடு.

கைச்சூட்டைத் தள்ளுக. மாந்தர் கைத்தோலின் சூடு பெரும்பாலும் 32, 33 பாகை அளவில் நிற்கும். பந்துமாசுணத்தின் வெம்முனையும் அவ்வளவே. தன்னோடு ஒத்த சூட்டைக் கை சூடென்று அறியாது. ஆகவே சரியாக அமைந்த அடுக்கில் கைவைத்த ஓம்புநன், ‘ஒன்றும் சுடவில்லையே’ என்று காவலனைத் திருகுவான். கைக்குச் சுடத் தொடங்கிய அளவில் பாம்புக்கு வரம்பு கடந்திருக்கும்.

மெய்ச்சூட்டை அளக்கக் கைத்துமுக்கி வடிவில் ஓர் அளவி விற்கிறது. குறிபார்த்து அழுத்தினால் மேற்பரப்பின் சூட்டைச் சொல்லும். அதனை நெகிழித்தரைமேல் குறிவைக்க. பளபளக்கும் அலுமினிய ஒட்டுமேல் குறிவைத்தால் அலுமினியம் தன் சூட்டை மறைத்து எதிரிலுள்ள பொருள்களின் சூட்டைத் திருப்பிக்காட்டும். தரைமேல் இட்ட மரச்சீவலையும் தேங்காய் நார்த்தூளையும் விலக்கிவிட்டு அளக்க; ஏனெனின் பாம்பும் அவற்றை விலக்கிவிட்டே படுக்கும். சீவலின் மேற்பரப்பில் 32 கண்டு மகிழ்ந்தவன் அடியில் எவ்வளவு என்று கேட்டறிக.

இங்கே ஒரு கடா. பந்துமாசுணத்தின் மேலுதட்டில் சூட்டை உணரும் குழிகள் உள. அக்குழிகளின் நரம்பில் சூடறியும் புரதம் இன்னதென 2010இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். இருளிலும் எலியின் உடற்சூட்டைக் குறிபார்க்கும் உயிர், தன் வயிறு கரியும் சூட்டின்மேல் கிடந்து புண்படுவது ஏன்? இதற்கு விடை: குழி உதட்டில் உள்ளது, பட்டை வயிற்றின்கீழ் உள்ளது. இவ்விடையால் நிறைவடையாதார் உளர். அவர் வெம்புண் கண்ட பாம்பை உடையார் அல்லர்.

ஐந்தாமியல்: அரவின் மறுமொழி

மேற்கூறிய யாவும் செய்து முடித்தபின் பாம்பு தன் கருத்தைப் படுக்கும் இடத்தால் தெரிவிக்கும். அதனைக் ‘கிடை’ என்போம். கிடை ஐந்து.

வெங்கிடை: வெம்முனையில் கிடத்தல். எலி விழுங்கிய பின் இரண்டு மூன்று நாள் இவ்வாறு கிடப்பின் செரிமானத்தின் பொருட்டு என்க. சூடு போதாதவழி விழுங்கிய எலியை அது வெளியே கக்கும். அக்கக்கலின் மணம் ஓம்புநனுக்கு நூல்வழி உணர்த்த வேண்டாதது. உண்ணாமலும் பல நாள் அங்கேயே கிடப்பின் தண்முனை மிகக் குளிர்ந்ததோ என்று அளக்க.

தண்கிடை: தண்முனையில் கிடத்தல். பலகை அறுத்து, கால் கடைந்து, பட்டை இட்டு, காவலர் இருவரை நிறுத்தி அமைத்த வெம்முனையைப் பாம்பு ஏறெடுத்தும் பாராது எதிர்முனையில் சுருண்டிருக்கும். இதனால் ஓம்புநன் உளைதல் வேண்டா. ஒரு நாளில் ஒரு பொழுது வெம்முனைக்குச் சென்று மீண்டிருக்கலாம். சென்றதோ என அறிய நள்ளிரவில் கைவிளக்கோடு பேழையை இழுப்பான். இழுத்தவுடன் பாம்பு இடம்மாறும். இழுக்குமுன் எங்கிருந்தது என்னும் வினா அவ்விரவும் விடைபெறாது.

இடைக்கிடை: உடல் பாதி வெம்மையிலும் பாதி தண்மையிலும் கிடத்தல். இக்கிடை கண்டவன் வேறெதையும் திருகாமல் கைகட்டிக்கொள்க.

நீர்க்கிடை: நீர்க்கிண்ணத்துள் சுருண்டு கிடத்தல். சூடு மிகுதி, உண்ணித்தொல்லை, தோலுரிக்கும் பொழுது நெருங்குதல் ஆகிய மூன்றனுள் ஒன்றைக் காட்டும். முதலில் அளவியை எடுக்க. பின்னர்க் கிண்ணத்து நீரில் கரும்புள்ளி மிதக்கின்றதோ பார்க்க. இரண்டும் இல்லையேல் கண் மங்கியுள்ளதோ பார்க்க.

முட்டுக்கிடை: ஓய்வின்றி மூக்கால் நூலிடையை முட்டுதல். இதனைக் கிடை என்றது ஒப்பின்மைபற்றி. அது கிடப்பதே இல்லை. சூடு, பசி, புணர்வேட்கை, பேழைச் சிறுமை எனக் கரணியம் பல கூறுவர். பாம்பைத் தன் நீளம் முழுதும் நீட்டிப் படுக்கவிடாத பேழை குறைபாடுடையது என்று அடுக்கையே மறுக்கும் ஒரு சாராரும் இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வலுப்பெற்று வருகின்றனர். அவர் கூற்றில் வலிமை உண்டு. முட்டுக்கிடை உடைய பாம்பைப் பெரும்பேழைக்கு மாற்றுக. மாற்றியபின் சூட்டியலை முதலிலிருந்து தொடங்குக.

புறனடை

பனிப்புயலில் மின் அறுந்தவழி முச்சூடும் ஒழியும். அன்று அடுக்கின்மேல் கம்பளி போர்த்துச் சூடு வெளியேறாமல் காக்க. வெந்நீர்க் குப்பியைத் துணியில் சுற்றி அடுக்கின் இடைவெளியில் செருகுக. மின் மீண்டு சூடு நிலைக்கும்வரை எலி இடற்க.

அடுக்கின் மேல்தட்டில் வீட்டுப்பூனை ஏறிப் படுப்பதும் உண்டு. பலகைவழிக் கசியும் வெம்மையை அது எவ்வாறோ முதல்நாளே அறிந்துவிடும். பூனையின் உடற்சூடு ஏறத்தாழ 38 பாகை. காவலன் ஆளாத சூடு இது. கீழிருந்து நோக்கின் இஃது எவ்வகையுள் அடங்கும் எனின், மேற்சூடு என்க. மேற்சூடு இரண்டாமியலுள் விலக்கப்பட்டமையின் பூனையை இறக்கிவிடுக. மீண்டும் ஏறும். அவ்வேறுதல் எத்தனை வகைத்து என்பது வேறொரு நூலுள் உரைக்கப்படும்.